பழி ஓரிடம், பாவம் ஓரிடம்: போக்கிமான் 38ஆம் அங்கம் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

2016 ஆகஸ்டில் போக்கிமான் கோ சிங்கப்பூருக்கு வந்தபோது ஹவ்காங் 401ஆம் புளோக்கைச் சுற்றி இரவு வெகுநேரம் கூட்டம் கலையவில்லை. அந்த விளையாட்டில் போரிகானும் உண்டு. இளஞ்சிவப்பும் நீலமுமாய், காகிதத்தை மடித்துச் செய்த வாத்துபோல் இருக்கும். கண்ணில் பட்டால் யார் வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம். தொலைக்காட்சித் தொடரில்தான் அதற்குக் கதவைச் சாத்திவிட்டார்கள். 1997 டிசம்பருக்குப் பிறகு போரிகானோ, அதன் அடுத்த வடிவங்களான போரிகான்2, போரிகான்-இசட் ஆகியவையோ ஓர் அங்கத்திலும் முக்கியப் பாத்திரமாக வரவில்லை. எங்காவது கூட்டத்தோடு கூட்டமாக ஒரு கணம் தலைகாட்டினால் உண்டு. “பிள்ளைகளுக்கு வலிப்பு வரவைத்த போக்கிமான்” என்ற பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது.

1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒளிபரப்பாகி நூற்றுக்கணக்கானோரை மருத்துவமனைக்கு அனுப்பிய அந்த 38ஆம் அங்கத்தில் மின்னலை வெட்டியது போரிகான் அல்ல, தொடரின் நாயகப் போக்கிமானான பிகாச்சு. பிகாச்சு மீதும் பெரிய குற்றமில்லை என்பது புரிய வேண்டுமானால் ஃபிரேம்களை, அதாவது அடுத்தடுத்து ஓடி அசைவாகத் தெரியும் நிலைப்படங்களை, எண்ணிப் பார்க்க வேண்டும். தீபாவளி முன்னோட்டமோ, பள்ளி ஆண்டு விழாவுக்கு எல்இடி திரைக் காணொளியோ, திருமணத் தொகுப்போ வெட்டி ஒட்டுகிற எவருக்கும் அந்த எண்ணிக்கை தேவைப்படும். இந்த ஆய்வில் அதிக இடம் அதற்குத்தான்.

அன்று மாலை 6.51

கேம் பாய் கருவிக்கான போக்கிமான் விளையாட்டுகள் ஜப்பானில் 1996 பிப்ரவரி 27 அன்று வெளிவந்தன. தொலைக்காட்சித் தொடர் 1997 ஏப்ரல் 1 அன்று தொடங்கியது. டிசம்பர் 16, செவ்வாய்க்கிழமை மாலை 6.30க்கு டிவி தோக்கியோ உட்பட 37 நிலையங்களில் 38ஆம் அங்கம் ஓடியது. பார்த்துக்கொண்டிருந்த வீடுகள் ஏறக்குறைய 4.6 மில்லியன்.

கதை விளையாட்டிலிருந்தே எடுத்தது. விளையாட்டில் போரிகான் முழுக்க முழுக்க நிரல் குறியீட்டால் ஆன, மனிதர் செய்த போக்கிமான்; காட்டில் கிடைக்காது, விளையாட்டுக் கூடத்தில் காசு சேர்த்துப் பரிசாகத்தான் வாங்க வேண்டும். அங்கத்தில், போக்கிமான்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்பும் கணினி கோளாறாகிறது. கதாநாயகன் ஆஷும் நண்பர்களும் போரிகானோடு கணினிக்குள்ளேயே போகிறார்கள். உள்ளே ராக்கெட் கூட்டம் என்ற திருட்டுக் கும்பல் இன்னொரு போரிகானை வைத்துத் திருடிக்கொண்டிருக்கிறது. வெளியே இருக்கும் தாதி ஜாய், ஏதோ வைரஸ் புகுந்துவிட்டது என்று எண்ணித் தடுப்பு நிரலை ஏவிவிடுகிறார். அது ஏவுகணைகளாக வருகிறது. பிகாச்சு மின்னலை வீசுகிறது, ஏவுகணைகள் வெடிக்கின்றன, திரை முழுதும் சிவப்பும் நீலமும் மாறி மாறி அடிக்கின்றன.

அங்கம் தொடங்கி இருபது நிமிடம் கடந்திருந்தது. வினாடிக்கு ஏறக்குறைய 12 முறை என்ற வேகத்தில், எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்து நான்கு முதல் ஆறு வினாடிவரை அந்த வெட்டொளி நீடித்தது. தலைச்சுற்றல், குமட்டல், கண் மங்கல், சிலருக்கு வலிப்பு, நினைவிழப்பு. அவசர வாகனங்களில் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள் 685 பேர்: பையன்கள் 310, பெண் பிள்ளைகள் 375. பலர் வழியிலேயே தெளிந்துவிட்டார்கள். 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் தங்க வேண்டியிருந்தது. இருவர் இரண்டு வாரத்துக்கு மேல்.

அத்தோடு முடியவில்லை. என்ன நடந்தது என்று விளக்கப்போன செய்தி ஒளிபரப்புகள் அதே காட்சியைத் துண்டெடுத்துப் போட்டன. அதைப் பார்த்த இன்னும் சிலருக்கும் அதே பாதிப்பு. முதல் ஒளிபரப்பில் நடந்ததை அறியாமை என்று விட்டுவிடலாம். இரண்டாவதை என்னவென்று சொல்வது? ஆபத்தான காட்சியைப் பற்றிய செய்திக்கு நிலைப்படம் ஒன்றே போதும்.

பாக்கா பாக்கா

ஜப்பானிய அசைவூட்டத் துறையில் இப்படி நிறங்களை மாற்றி மாற்றி அடிப்பதற்கு “பாக்கா பாக்கா” என்று செல்லப் பெயர். வெடிப்பு, மந்திரம், இடி, கோபம் எல்லாவற்றுக்கும் அதுதான். செலவு மிகக் குறைவு: இரண்டு நிற அட்டைகளை மாற்றி மாற்றிப் படமெடுத்தால் போதும், ஓவியர் புதிதாக எதையும் வரைய வேண்டாம். காலக்கெடு நெருங்கும்போது இதைவிட மலிவாகப் பரபரப்பை உண்டாக்கும் வழி வேறு இல்லை. அதே தொடரின் முந்தைய அங்கங்களிலும் இது வந்திருக்கிறது. யாரும் எண்ணிப் பார்க்காததற்கு அந்தப் பழக்கமே காரணம் என்பது எங்கள் கணிப்பு.

நாம் எண்ணுவோம். அசைவூட்டம் வினாடிக்கு 24 ஃபிரேம். ஒரு ஃபிரேம் சிவப்பு, அடுத்த ஃபிரேம் நீலம் என்று மாற்றினால் சிவப்பு-நீலம் சேர்ந்த ஒரு சுற்றுக்கு இரண்டு ஃபிரேம். 24ஐ இரண்டால் வகுத்தால் 12. விபத்தில் பதிவான அதே 12 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 12 முறை. யாரோ கொடூரமாகத் திட்டமிட்டுத் தேர்ந்த எண் அல்ல அது. 24 ஃபிரேம் வேலையில் இரண்டு நிறங்களை முழு வேகத்தில் மாற்றினால் தானாக வந்து நிற்கும் எண். ஜப்பானியத் தொலைக்காட்சி வினாடிக்கு ஏறத்தாழ 60 புலங்கள் (ஒரு புலம் என்பது பாதி ஃபிரேம்). அதற்கு மாற்றும்போது ஒரு ஃபிரேமுக்கு மூன்று புலம், அடுத்ததற்கு இரண்டு என்று பங்கு பிரியும். நிறம் நிற்கும் நேரம் சற்று ஏறி இறங்குமே தவிர வேகம் 12தான். நம் ஊரில் முன்பிருந்த 25 ஃபிரேம் முறைக்கு 4 விழுக்காடு வேகப்படுத்தி மாற்றியிருந்தால் 12.5 ஆகியிருக்கும்.

ஒளியால் தூண்டப்படும் வலிப்பு உள்ளவர்களை மிக எளிதில் தூண்டும் வேகம் 15 முதல் 25 ஹெர்ட்ஸ் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். 12 அதன் வாசலிலேயே நிற்கிறது. இந்தக் கோளாறு பொதுவாக 4,000 பேரில் ஒருவருக்கு இருக்கலாம்; ஏழு வயது முதல் இருபதுவரை அந்த விகிதம் ஏறத்தாழ ஐந்து மடங்கு. போக்கிமான் பார்க்கும் வயதும் அதுதான். பலருக்கு அப்படி ஒன்று தம்மிடம் இருப்பதே முதல் தாக்குதல்வரை தெரியாது.

சிவப்புக்கு ஏன் தனிக் கணக்கு

திரை மினுக்கம் பற்றிய விதிகளில் பலர் கவனிக்காமல் தாண்டிப்போகும் இடம் இது. ஃபிளாஷ் என்றால் வெளிச்சம், ஆகவே வெளிச்சத்தைக் குறைத்தால் போதும் என்று எண்ணத் தோன்றும்.

இன்றைய எச்டி நிறக்கணக்கில், வெள்ளையின் வெளிச்சம் 100 என்றால் தூய சிவப்பு 21, தூய நீலம் 7. சதுர மீட்டருக்கு 100 கேண்டெலா (வெளிச்சத்தின் அலகு) தரும் திரையில் இரண்டுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய 14 கேண்டெலா. பொதுவான ஃபிளாஷ் விதி கணக்கில் எடுப்பது 20 கேண்டெலாவும் அதற்கு மேலுமான ஏற்ற இறக்கத்தைத்தான். ஆக, வெளிச்சத்தை மட்டும் அளந்தால் சிவப்பு-நீல மாற்றம் தேர்வில் தேறிவிடும்! 200 கேண்டெலா திரையில் வித்தியாசம் 28 ஆகிறது, அங்கே சிக்கும். ஒரே கோப்பு, இரண்டு திரை, இரண்டு தீர்ப்பு.

கண் அப்படி அளப்பதில்லை. அடர்சிவப்பு, விழித்திரையில் நீண்ட அலைக்கு உணர்வுள்ள கூம்புகளையே பெரும்பாலும் தட்டி எழுப்புகிறது. மற்றக் கூம்புகள் எதிர்வினை தந்து சமன்செய்வது நடப்பதில்லை. அதனால் வெளிச்ச வித்தியாசம் சிறிதாக இருந்தும் மூளைக்குப் போகும் அடி பலமாக இருக்கிறது. விதிகளில் அடர்சிவப்புக்குத் தனிப் பிரிவு இருப்பது இதனால்தான்.

எது அடர்சிவப்பு? இணையத்துக்கான அணுகல் விதிகள் தரும் கணக்கு: சிவப்பின் நேர்கோட்டு மதிப்பை (கோப்பிலுள்ள 0 முதல் 255வரையான எண்ணை அல்ல, அது தரும் ஒளியின் அளவை) மூன்று நிறங்களின் அதே மதிப்புகளின் கூட்டுத்தொகையால் வகுத்தால் 0.8க்குக் குறையாத எதுவும். 255, 0, 0 (சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில்) என்ற தூய சிவப்புக்கு 1. அதை இருட்டாக்கி 128, 0, 0 ஆக்கினாலும் 1தான். குங்குமச் சிவப்பை மங்கலாக்கிவிட்டோம், இனி ஆபத்தில்லை என்று நினைப்பது இங்கேதான் சறுக்குகிறது. பச்சையைக் கலக்க வேண்டும்: 255, 140, 0 என்ற ஆரஞ்சுக்கு 0.79, மயிரிழையில் தப்புகிறது. தீபாவளிப் படங்களில் குங்குமத்திலிருந்து மஞ்சள் பக்கம் நகர்வது பாதுகாப்புக்கும் நல்லது, கண்ணுக்கும் குறையில்லை.

கைக்குள் அடங்கியது திரைக்கு வந்தபோது

விளையாட்டிலிருந்து தழுவியது என்பது இந்த நிகழ்வில் வெறும் துணைத் தகவல் அல்ல. கேம் பாயின் திரை 160க்கு 144 புள்ளிகள், நான்கே சாயல்கள், பின்னொளி கிடையாது. சண்டைக் காட்சியில் மின்னல் அடித்தால் அந்தத் திரையும் மினுங்கும். ஆனால் அந்தப் பழைய எல்சிடி மெல்ல மாறுவது. ஒரு சாயல் மறையுமுன் அடுத்தது வந்து கலந்துவிடும். நிறமும் இல்லை. உள்ளங்கை அளவுத் திரை பார்வைப் புலத்தில் சிறு பகுதியைத்தான் பிடிக்கும்.

தொலைக்காட்சியில் இந்தத் தடைகள் ஒவ்வொன்றும் விலகின. தானே ஒளிரும் படக்குழாய். உடனடி மாற்றம். முழு நிறம். தரையில் அமர்ந்து அண்ணாந்து பார்க்கும் பிள்ளைக்கு அது கண்ணை நிறைக்கும் அளவு. டிசம்பரில் தோக்கியோவில் நாலரைக்கே சூரியன் மறைந்துவிடும், 6.51க்கு வெளியே கும்மிருட்டு, விளக்குப் போடாத அறையில் தொலைக்காட்சி ஒன்றே வெளிச்சம். சிங்கப்பூரில் ஆண்டு முழுதும் ஏழு மணி வாக்கில்தான் பொழுது சாய்கிறது. அந்த வகையில் நமக்குக் கொஞ்சம் சாதகம், திரைச்சீலையை இழுத்துவிட்டுக் கூடத்தைத் திரையரங்காக மாற்றாதவரை. பழைய விளையாட்டுகளை 2016இல் வேறு கருவிக்கு மறுபடி வெளியிட்டபோது சண்டைக் காட்சிகளின் மினுக்கத்தை மங்கலாக்கினார்கள். பின்னொளியுள்ள நிறத்திரையில் பழைய மினுக்கம் பழையபடி இருக்காது என்பது அதற்குள் பாடமாகியிருந்தது.

12,000 என்ற எண்

இந்த நிகழ்வைப் பற்றிய கட்டுரைகளில் “12,000 பிள்ளைகள் பாதிப்பு” என்றும் காணலாம். 685ஐயும் 12,000ஐயும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. முதலாவது அன்றிரவு அவசர வாகனத்தில் போனவர்களின் எண்ணிக்கை. இரண்டாவது, மறுநாள் பள்ளியிலும் நாளிதழிலும் இதே பேச்சாக இருந்த பிறகு, தலைவலி, மயக்கம் என்று சொன்னவர்களையும் சேர்த்தது. 2001இல் வெளியான ஓர் ஆய்வு, இவர்களில் பெரும்பாலோருக்கு நேர்ந்தது வலிப்பு அல்ல, ஒருவரைப் பார்த்து ஒருவருக்குத் தொற்றும் கூட்டப் பதற்றம் என்று வாதிட்டது. 685 பேரிலும் ஒளித்தூண்டல் வலிப்பு என உறுதியானவர்கள் சிறு பங்கே. இதனால் நிகழ்வு சிறியதாகிவிடாது. ஆனால் எண்ணைப் பெருக்கிச் சொல்பவர்கள் “எல்லாம் மனப்பிரமை” என்று ஒதுக்குபவர்களுக்கு வழிவிடுகிறார்கள் என்பது நினைவிருக்கட்டும்.

எச்சரிக்கை முன்பே இருந்தது. அதே ஆண்டு மார்ச் 29 அன்று ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கேயில் ஓடிய வேறோர் அசைவூட்டத் தொடரைப் பார்த்து நான்கு பிள்ளைகள் மருத்துவமனைக்குப் போயிருந்தார்கள். பிரிட்டனில் 1993இல் ஒரு நூடல்ஸ் விளம்பரம் மூவருக்கு வலிப்பை வரவைத்து, அதன் விளைவாக ஒளிபரப்பு விதிகளே வந்துவிட்டன. நான்கு பேர், மூன்று பேர் என்ற எண்கள் கடல் கடந்து கேட்கும் அளவுக்குச் சத்தம் போடவில்லை.

தொடர் நான்கு மாதம் நின்றது. போக்கிமான் விளையாட்டுகளை வெளியிட்ட நிண்டெண்டோவின் பங்கு விலை மறுநாள் காலை 5 விழுக்காடு இறங்கியது. 1998 ஏப்ரல் 16 அன்று, செவ்வாய்க்குப் பதில் வியாழக்கிழமையில், தொடர் திரும்பியது. தொடக்கப் பாடலின் காட்சிகளையும் திருத்தினார்கள். அதே மாதம் என்எச்கேயும் தனியார் ஒளிபரப்பாளர் சங்கமும் விதி வகுத்தன: சிவப்பு மினுக்கம் வினாடிக்கு மூன்றைத் தாண்டக் கூடாது, சிவப்பு இல்லாவிட்டாலும் ஐந்தைத் தாண்டக் கூடாது, மினுக்கம் மொத்தம் இரண்டு வினாடிக்கு மேல் நீடிக்கக் கூடாது, கோடுகள், சுழிகள், வட்டத்துக்குள் வட்டம் ஆகியவை திரையின் பெரும்பகுதியைப் பிடிக்கக் கூடாது. அறையில் விளக்கு எரியட்டும், தள்ளி அமர்ந்து பாருங்கள் என்று ஜப்பானிய அசைவூட்டங்களின் தொடக்கத்தில் வரும் வரி இதன் பிள்ளைதான். 38ஆம் அங்கம் மறுபடி ஒளிபரப்பாகவே இல்லை.

நம் டைம்லைனில்

அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை 25 ஃபிரேம் வேலைக்கு ஓர் எளிய அளவைத் தருகிறது: ஒரு ஃபிளாஷின் தொடக்கத்திலிருந்து அடுத்த ஃபிளாஷின் தொடக்கம்வரை 9 ஃபிரேம் இடைவெளி இருந்தால் தப்பித்தோம். 60 புல முறையில், அதாவது 30 ஃபிரேமில், 10. வெளிச்சம் ஏறி இறங்குவது இரண்டும் சேர்ந்துதான் ஒரு ஃபிளாஷ். திரைப் பரப்பில் கால் பங்குக்கு மேல் மினுங்கினால் இந்தக் கட்டுப்பாடு பொருந்தும்.

எண்ணும்போது வழக்கமாக நேரும் பிழை, வினாடியைக் கடிகார வினாடியாக எடுப்பது. 0 முதல் 25வரை மூன்று, 25 முதல் 50வரை மூன்று, ஆக எல்லாம் சரி என்று குறித்துவிடுவார்கள். முதல் வினாடியின் கடைசியில் மூன்றும் அடுத்ததன் தொடக்கத்தில் மூன்றும் ஒட்டிக்கொண்டிருந்தால் இடையில் ஒரே வினாடிக்குள் ஆறு. எந்த ஃபிரேமில் தொடங்கினாலும் அடுத்த 25க்குள் மூன்றைத் தாண்டக் கூடாது என்பதே கணக்கு.

இரண்டாவது பிழை அடுக்கில் ஒளிந்திருக்கும். மணமக்களைச் சுற்றிப் புகைப்படக்காரர்களின் ஃபிளாஷ் ஏற்கெனவே அடிக்கிறது; அதன்மேல் வெள்ளை ஃபிளாஷ் மாற்று விளைவு ஒன்றைப் போட்டு, தவில் தாளத்துக்கு ஏற்ப வெட்டுகளையும் வைத்தால் ஒவ்வொன்றும் தனியே குற்றமற்றது, மூன்றும் சேர்ந்தால் எட்டு ஒன்பது. ஏற்றுமதி செய்த இறுதிக் கோப்பைத்தான் எண்ண வேண்டும், அடுக்குகளைத் தனித்தனியாக அல்ல.

மூன்றாவது நம் ஊருக்கே உரியது. சிங்கப்பூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; மலிவான எல்இடி அலங்கார விளக்குகள் வினாடிக்கு 100 முறை மினுங்குகின்றன. கண்ணுக்குத் தெரியாது. சிராங்கூன் சாலை ஒளியூட்டுக்குக் கீழே கைப்பேசியை 30 ஃபிரேமில் வைத்து வேகமான ஷட்டரில் எடுத்தால், 100ஐ 30ஆல் வகுத்து மீதி 10: படத்தில் வினாடிக்கு 10 முறை துடிப்பு வந்து அமர்ந்துவிடும். விளக்கு திரையை நிறைக்கும் அண்மைக் காட்சியானால் அது அப்படியே ஆபத்து எல்லைக்குள். 25 ஃபிரேமில் எடுத்தால் மீதி பூஜ்யம். ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வைத்தாலும் துடிப்பு அடங்கும். எடுத்த பிறகு சரிசெய்வதைவிட எடுக்கும்போது பார்த்துக்கொள்வது நூறு மடங்கு எளிது.

திருத்தும் முறைகளில் எங்கள் தெரிவு நேரத்தை மாற்றுவது. ஜப்பானிய நிலையங்கள் அந்தக் காட்சிகளை மங்கலாக்கியும் ஃபிரேம்களைக் கலந்தும் ஒளிபரப்புகின்றன. விதி நிறைவேறுகிறது, படம் சாம்பல் பூசியதுபோல் ஆகிறது. மாறாக வெடிப்பின் முதல் வெள்ளை ஃபிரேமை இரண்டு மூன்று ஃபிரேம் நிறுத்தி, மெல்ல இறக்கி, 9 ஃபிரேம் கழித்து அடுத்ததைக் கொண்டுவந்தால் அடி இன்னும் பலமாகவே தெரியும். மினுக்கம் வேண்டியே தீர வேண்டுமானால் அதைத் திரையின் மூலையில், கால் பங்குக்குள் அடைக்கலாம்.

சோதிக்க ஹார்டிங் எஃப்பிஏ ஒளிபரப்பாளர்கள் நம்பும் கருவி, கட்டணம் உண்டு. பீட் இலவசம், ஆனால் வணிக ஒளிபரப்புக்கும் விளையாட்டுகளுக்கும் அதைப் பயன்படுத்த அனுமதி இல்லை. 2023இல் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற விளையாட்டு நிறுவனம் ஐரிஸ் என்ற கருவியைத் திறந்த மூலமாகக் கொடுத்தது. எந்தக் கருவியும் குறிப்பிட்ட வெளிச்சமுள்ள திரையை மனத்தில் வைத்தே அளக்கிறது என்பதை மறக்கக் கூடாது. சமூக மன்ற மேடையின் எல்இடி சுவர் வீட்டுத் தொலைக்காட்சியைவிட மிகப் பிரகாசம். முன்வரிசைப் பாயில் பாலர் பள்ளிப் பிள்ளைகள். பார்வையில் வேறெதுவும் மிச்சமில்லை. அங்கே சுவரின் வெளிச்சத்தைக் குறைத்து, முதல் வரிசையைப் பின்னுக்குத் தள்ளி, அரங்க விளக்கைப் பாதியாவது எரியவிட வேண்டும்.

அப்படியும் ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டால், கையில் இரும்புச் சாவி திணிப்பது, வாயில் கரண்டி வைப்பது இரண்டும் வேண்டாம். தலைக்கு அடியில் மெத்தென்று எதையாவது வைத்து, சுற்றியிருப்பதை நகர்த்தி, துடிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினால் அல்லது அதுவே முதல் முறையானால் 995. கண் கூசுகிறது, ஒரு மாதிரி இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லும் பிள்ளையிடம் கண்ணை மூடச் சொல்வதைவிட, ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுதும் பொத்தி முகத்தைத் திருப்பச் சொல்வது நல்லது. மூடிய இமைகள் வழியாகவும் சிவப்பு ஒளி உள்ளே போகும்.